ரீடர் இருக்கு, கார்டும் இருக்கு, ஆனா பிஸியாம்

போன சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு கொஞ்சம் கண்ணசரலாம்னு இருந்தப்ப மாமா வந்து வாசல்ல நின்னார். கையில வண்டிச் சாவி, அந்த சாவிக்கொத்துலயே பிள்ளையார் டாலரோட சேந்து தொங்குது அவரோட டிஎஸ்சி டோக்கன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் போயிருச்சாம், ஒரு பிடிஎஃப்ல டிஜிட்டல் கையெழுத்து போட்டு அஞ்சு மணிக்குள்ள மெயில் பண்ணியே ஆகணுமாம். "நீதான் பொழுதன்னைக்கும் லேப்டாப்லயே கெடக்கியே மாப்ள, ரெண்டு நிமிஷ வேலை"ன்னார். ரெண்டு நிமிஷ வேலைன்னு யாராச்சும் சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும். என்கிட்ட விண்டோஸ் கெடையாது, உபுண்டு 24.04ங்கிற லினக்ஸ் மட்டும்தான், அதை அவர்கிட்ட சொன்னேன், "அதனால என்ன, பென்டிரைவ் மாதிரிதானே"ன்னார். அம்மா அதுக்குள்ள காபி போடப் போயிட்டாங்க. மணி ரெண்டே கால்.

டிஎஸ்சின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. கான்ட்ராக்டர், ஆடிட்டர், கம்பெனி டைரக்டர் இவங்கல்லாம் டெண்டர், ஜிஎஸ்டி, கம்பெனி ஃபைலிங்னு ஆன்லைன்ல கையெழுத்து போட ஒரு டிஜிட்டல் சிக்னேச்சர் சர்டிஃபிகேட் வாங்குவாங்க, 2000ல வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது பேனா கையெழுத்துக்குச் சமம். முன்னாடி கிளாஸ் 2, கிளாஸ் 3னு ரெண்டு இருந்துச்சு, 2021 ஜனவரில இருந்து கிளாஸ் 2 தர்றதில்ல. சர்டிஃபிகேட்டோட ரகசிய சாவி அந்த டோக்கனுக்குள்ளயே பொறந்து அங்கயே இருக்கும், வெளிய காப்பி எடுக்க முடியாது. மாமா நெனச்ச மாதிரி பென்டிரைவ் இல்ல அது. உள்ள ஒரு ஸ்மார்ட் கார்டு சிப், அதைப் படிக்க ஒரு ரீடர், ரெண்டையும் ஒரே பிளாஸ்டிக் டப்பால போட்டு யுஎஸ்பி வால் வச்சிருக்காங்க, அவ்ளோதான். சிம் கார்டும் ஏடிஎம் கார்டும் கூட இதே ஜாதிதான்.

கீழ கமாண்ட் எல்லாம் ஃபோன்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், வாய்விட்டுப் படிச்சா டைப் பண்ணிரலாம்.

சொருகினதும் டோக்கன்ல லைட் எரிஞ்சுச்சு, அடுத்த செகண்ட் ஸ்கிரீன்ல ஒரு சிடி டிரைவ் ஐகான் வந்து நின்னுச்சு. "வந்துருச்சு பாரு"ன்னார் மாமா. வரல. நெறைய டோக்கன் இப்படித்தான், தன்னை ஒரு சிடி டிரைவ் மாதிரியும் காட்டிக்கும், தொறந்தா விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒண்ணு இருக்கும், நமக்கு அது வெறும் அலங்காரம்.

முதல் வேலை, எல்எஸ்யுஎஸ்பி. யுஎஸ்பில யார் யார் உக்காந்திருக்காங்கன்னு லிஸ்ட் வரும். டோக்கன் இருந்துச்சு, பஸ் 001, டிவைஸ் 007. கூடவே அல்கார் மைக்ரோ ஏயு9540 ஸ்மார்ட்கார்டு ரீடர்னு இன்னொரு வரி! என் லேப்டாப் திங்க்பேட் டி480, சென்னைல இருந்தப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, ஏதோ கம்பெனில லாட்டா கழிச்சு விட்டது போல. அதோட பக்கவாட்டுல நீளமா ஒரு சந்து இருக்கும், அது எதுக்குன்னே தெரியாம ரெண்டு வருஷமா அதுல ஒரு விசிட்டிங் கார்டை சொருகி வச்சிருந்தேன். ஸ்மார்ட் கார்டு ரீடராம் அது. விசிட்டிங் கார்டை மெதுவா உருவி எடுத்தேன், நல்லவேளை கிழியல.

எல்எஸ்யுஎஸ்பில தெரிஞ்சா கெர்னல் (லினக்ஸோட அடித்தளம்) வரைக்கும் சரின்னு அர்த்தம், அதுக்கு மேல ஒண்ணும் அர்த்தம் இல்ல. லினக்ஸ்ல ஸ்மார்ட் கார்டுங்கிறது மாடி மேல மாடி. கீழ யுஎஸ்பி, அதுக்கு மேல ரீடரோட பேசுற சிசிஐடி டிரைவர், அதை வச்சு மேய்க்கிற பிசிஎஸ்சிடின்னு ஒரு டீமன் (பின்னணில ஓடுற ப்ரோக்ராம்), அதுக்கும் மேல கார்டுக்குள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கிற பிகேசிஎஸ்11 லைப்ரரி, உச்சில நம்ம பிரவுசரோ பிடிஎஃப் ரீடரோ. எந்த மாடில விளக்கு அணைஞ்சாலும் மேல இருக்கிறவன் சொல்ற எர்ரர் ஒண்ணுதான், கார்டு இல்ல. அதனால கீழ இருந்து ஒவ்வொரு படியா ஏறணும், நான் என்ன பண்ணேன்னா நேரா மொட்டை மாடிக்குப் போய் ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸ நோண்டிட்டு இருந்தேன், இருபது நிமிஷம் அங்கயே போச்சு.

அப்புறம் புத்தி வந்து பிசிஎஸ்சிடி, பிசிஎஸ்சி டூல்ஸ், ஓப்பன்எஸ்சி மூணையும் ஏபிடில (உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற கமாண்ட்) இன்ஸ்டால் குடுத்தேன், சிசிஐடி டிரைவர் பிசிஎஸ்சிடி கூடவே வந்துரும். பிசிஎஸ்சிடி வர்ற இந்த பிசிஎஸ்சி லைட் ரொம்ப பழைய ப்ராஜெக்ட், டேவிட் கார்கொரன் ஆரம்பிச்சது, இப்ப பல வருஷமா லுடோவிக் ரூஸோன்னு ஒருத்தர் பாத்துக்கிறார், எந்த ரீடர் ஓடும் எது ஓடாதுன்னு அவர் வச்சிருக்கிற லிஸ்ட்டப் பாத்துட்டு ரீடர் வாங்குறதுதான் புத்திசாலித்தனம். டவுன்லோட் ஆகுற கேப்ல காலைல பாதில விட்ட வேலைய பழக்கதோஷத்துல இன்னொரு டெர்மினல்ல கிட் புஷ் (எழுதின கோடை சர்வருக்கு அனுப்புறது) பண்ணேன். இதை ஞாபகம் வச்சுக்கங்க, வில்லன் இங்கதான் என்ட்ரி குடுத்தான், எனக்கு அப்ப தெரியல.

பிசிஎஸ்சி அண்டர்ஸ்கோர் ஸ்கேன்னு அடிச்சேன். ரீடருக்காக காத்துட்டு இருக்கேன்னு சொல்லிட்டு அது பாட்டுக்கு சுத்துது. டோக்கன் மட்டும் இல்ல, லேப்டாப்போட சொந்த ரீடர் கூட வரல. பிசிஎஸ்சிடி ஓடுதான்னு சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பாத்தா ஒரு தடவை ஓடுதுங்குது, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா இன்ஆக்டிவ்ங்குது. செத்துப்போச்சுன்னு நெனச்சு ரீஸ்டார்ட், மறுபடியும் ரீஸ்டார்ட். அப்புறம்தான் தெரிஞ்சது, அது சாகல, அதோட டிசைனே அப்படி, யாரும் கூப்பிடலன்னா ஒரு நிமிஷத்துல தானா படுத்துக்கும், யாராச்சும் அதோட வாசல, அதான் சாக்கெட்டைத் தட்டினா எந்திரிக்கும். எங்க தெரு வாட்ச்மேன் மாதிரி. ஆக இன்ஆக்டிவ்னு பாத்து பதறாதீங்க.

உண்மையான விஷயம் லாக்ல இருந்துச்சு. பிசிஎஸ்சிடி சர்வீஸ், சாக்கெட் ரெண்டையும் நிறுத்திட்டு (சாக்கெட்டை விட்டா அது திரும்ப எழுப்பி விட்டுரும்) சுடோ போட்டு பிசிஎஸ்சிடி ஹைஃபன் ஹைஃபன் ஃபோர்கிரவுண்ட் ஹைஃபன் ஹைஃபன் டீபக்னு கையால ஓட விட்டேன். கலர் கலரா ஓடுச்சு, நடுவுல சிவப்புல ஒரு வரி, இன்டர்ஃபேஸ கிளெய்ம் பண்ண முடியல, லிப்யுஎஸ்பி எர்ரர் பிஸி. டோக்கனுக்கும் அதே வரி, உள்ள இருக்கிற ரீடருக்கும் அதே வரி. அதாவது ரீடர் நல்லா இருக்கு, டிரைவர் நல்லா இருக்கு, ஆனா வேற எவனோ ஏற்கனவே அதைப் புடிச்சு வச்சிருக்கான்.

எவன்னு பாக்க ஒரு சின்ன வழி இருக்கு, இது எனக்கு அன்னைக்குதான் தோணுச்சு. எல்எஸ்யுஎஸ்பில பாத்த பஸ் 001, டிவைஸ் 007 இருக்கில்ல, அது ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் பஸ் ஸ்லாஷ் யுஎஸ்பிக்குள்ள 001ங்கிற ஃபோல்டர்ல 007ங்கிற ஃபைலா நிஜமாவே இருக்கும். ஃபியூஸர் ஹைஃபன் வி போட்டு அந்த ஃபைல யார் தொறந்து வச்சிருக்கான்னு கேட்டேன். ஒரே ஒரு வரி வந்துச்சு: எஸ்சிடீமன். யூசர் நேம் என்னோடது.

நாந்தான்! எஸ்சிடீமன்ங்கிறது ஜிபிஜிங்கிற என்கிரிப்ஷன் சாஃப்ட்வேரோட ஸ்மார்ட் கார்டு ஆளு. போன வருஷம் ஜிபிஜி சாவிய கார்டுல வைக்கலாம்னு ஒரு ஆசை வந்து அதை இன்ஸ்டால் பண்ணி, எஸ்எஸ்ஹெச் சாவியையும் (கிட் புஷ் சர்வருக்குள்ள நுழைய யூஸ் பண்றது) ஜிபிஜி ஏஜென்ட் வழியா திருப்பி விட்டிருந்தேன், கார்டு வாங்கவே இல்ல, ஆசை போயிருச்சு, செட்டிங் மட்டும் இருந்துச்சு. எஸ்எஸ்ஹெச் எப்ப சாவி கேட்டாலும் ஏஜென்ட் போய் "கார்டுல ஏதும் சாவி இருக்கா"ன்னு எஸ்சிடீமனைக் கேக்கும், அவர்கிட்ட சொந்தமா ஒரு சிசிஐடி டிரைவர் இருக்கு, பிசிஎஸ்சிடிய மதிக்காம நேரா யுஎஸ்பில போய் ரீடரைப் புடிச்சுக்குவார், புடிச்சா லேசுல விடமாட்டார். நான் பண்ண கிட் புஷ்தான் அவரை எழுப்பி விட்டது. தியேட்டர்ல கர்ச்சீப் போட்டு சீட் புடிச்ச கதைதான், கர்ச்சீப் நம்மளோடதுன்னு நமக்கே தெரியல.

ஜிபிஜிகான்ஃப் ஹைஃபன் ஹைஃபன் கில் எஸ்சிடீமன். பிசிஎஸ்சிடி ரீஸ்டார்ட். மறுபடி ஸ்கேன். ரீடர் 0, அல்கார், கார்டு இல்ல. ரீடர் 1, டோக்கன், கார்டு இருக்கு. கீழ 3பின்னு ஆரம்பிச்சு ஒரு நீள நம்பர், அதுக்குப் பேர் ஏடிஆர், கார்டுக்கு கரண்ட் குடுத்ததும் அது சொல்ற முதல் வணக்கம்.

திரும்ப அடுத்த கிட் புஷ்ல அவன் வந்து உக்காராம இருக்க ரெண்டு வழி. ஜிபிஜிக்கு நிஜமாவே கார்டு யூஸ் பண்றவங்க எஸ்சிடீமன் டாட் கான்ஃப்ல டிஸேபிள் ஹைஃபன் சிசிஐடின்னு ஒரு வரி போடணும், அப்ப சொந்த டிரைவரை விட்டுட்டு பிசிஎஸ்சிடி வழியாவே வரிசைல வருவான். எனக்குத்தான் கார்டே இல்லையே, ஜிபிஜி ஏஜென்ட் டாட் கான்ஃப்ல டிஸேபிள் ஹைஃபன் எஸ்சிடீமன்னு போட்டு ஏஜென்ட்டையும் கில் பண்ணி ஒரேயடியா முடிச்சு விட்டேன்.

இந்த இடத்துல மாமாவுக்கு ஆர்வம் வந்துருச்சு. "இந்த சந்துல என் ஏடிஎம் கார்டைப் போட்டா என்னாகும்"னார். எனக்கும் ஆசைதான். முதல்ல போட்டப்ப ஒண்ணும் அசையல, திருப்பிப் போட்டதும் ஸ்கேன்ல ரீடர் 0ல கார்டு வந்துருச்சுன்னு 3பின்னு அடுத்த வரி விழுந்துச்சு. சிப் மேல பாக்கணுமா கீழ பாக்கணுமாங்கிறது மெஷினுக்கு மெஷின் மாறும், ரீடர் செத்துருச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்ன ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாருங்க. மாமா முகம் மட்டும் வெளிறிப்போச்சு, "டேய் காசு எதும் போயிருமாடா", மாப்ள டேய் ஆயிட்டான். வெறும் ஏடிஆர் படிச்சா ஒண்ணும் போகாது, அது கார்டோட பேரைக் கேக்குற மாதிரி. ரீடர் வேலை செய்யுதான்னு பாக்க வீட்டுல இருக்கிற ஏடிஎம் கார்டை விட சுலபமான டெஸ்ட் கெடையாது. ஆனா அதுக்கு மேல கார்டுக்கு கமாண்ட் அனுப்பி விளையாடாதீங்க, முக்கியமா பின் நம்பர் கேக்குற கமாண்ட் பக்கம் போகவே போகாதீங்க.

அடுத்த மாடி. ஓப்பன்எஸ்சியோட பிகேசிஎஸ்11 ஹைஃபன் டூல் போட்டு டோக்கனுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா, ரீடர் தெரியுது ஆனா உள்ள ஒண்ணுமே இல்லங்குது. காரணம் இதுதான், இந்த ஊர்ல டிஎஸ்சி போட்டுத் தர்றவங்க டோக்கன் கம்பெனியோட சொந்த சாஃப்ட்வேர்ல அதை ரெடி பண்ணிருப்பாங்க, உள்ள ஃபைல் அடுக்கியிருக்கிற முறை அவங்க முறை, ஓப்பன்எஸ்சிக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. நெட்ல தேடினா சில இடத்துல "பிகேசிஎஸ்15 இனிட் போட்டு இனிஷியலைஸ் பண்ணுங்க"ன்னு சொல்லிருப்பாங்க. தயவுசெஞ்சு பண்ணிராதீங்க. அது காலி டோக்கனுக்கான வைத்தியம், டிஎஸ்சி இருக்கிற டோக்கன்ல அழிச்சு இனிட் பண்ணா உள்ள இருக்கிற சாவி போச்சு, பேக்கப்ங்கிற பேச்சே இல்ல, திரும்ப காசு கட்டி, கேமரா முன்னாடி உக்காந்து வீடியோ வெரிஃபிகேஷன் குடுத்து புதுசா வாங்கணும்.

அந்தந்த டோக்கன் கம்பெனியோட லினக்ஸ் லைப்ரரிதான் வேணும், எஸ்ஓ ஃபைல்னு முடியும். கம்பெனி சைட்ல லினக்ஸ் இருந்துச்சு, நான் அவசரத்துல 32 பிட்டை எடுத்துட்டேன், லோட் பண்ணா ஈஎல்எஃப் கிளாஸ் தப்புன்னு திட்டுச்சு, அப்புறம் 64 பிட். அதை பிகேசிஎஸ்11 டூல்ல மாட்யூலா குடுத்து ஸ்லாட் லிஸ்ட் கேட்டதும் மாமா பேர் வந்துச்சு, இனிஷியலோட. மணி மூணரை.

இனிமே பின். மாமா டோக்கனைத் திருப்பிக் காட்டினார், பின்பக்கம் ஒரு துண்டு பேப்பர்ல பின் நம்பர் எழுதி செலோடேப் போட்டு ஒட்டிருக்கு. அதை ஒட்டினவர் யாருன்னு நான் கேக்கல. எட்டு இலக்கம், சாவியோட உரசி உரசி கடைசி நம்பர் மட்டும் தேஞ்சு போயிருக்கு, 1ஆ 7ஆ தெரியல. மாமா 7ன்னார். அடிச்சேன், பின் தப்பு. சரி 1. அதுவும் தப்பு. "அப்ப 4ஆ இருக்கும்"னு சொல்லிட்டே கீபோர்டுக்கு கை நீட்டினார், நான் கையைப் புடிச்சுட்டேன்.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது. அதே ஸ்லாட் லிஸ்ட்ட திரும்ப ஓட விட்டா டோக்கன் ஃப்ளாக்ஸ்ங்கிற வரில பின் நம்பரோட நிலவரம் வரும். முதல் தப்புக்கப்புறம் யூசர் பின் கவுன்ட் லோன்னு இருந்துச்சு, அதாவது கடைசியா சரியா போட்டதுக்கப்புறம் ஒரு தடவையாச்சும் தப்பா போட்டாச்சு. ஃபைனல் யூசர் பின் ட்ரைன்னு வந்தா இன்னும் ஒரே சான்ஸ்தான். அதுலயும் தப்பினா லாக்டு. எத்தனை தடவைங்கிறது டோக்கனுக்கு டோக்கன் மாறும். ரெண்டாவது தப்புக்கப்புறம் நான் ஓட விட்டுப் பாத்தேன், ஃபைனல்னு இன்னும் வரல, ஆனாலும் அடுத்தது சரியான நம்பரா மட்டும்தான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அத்தைக்கு ஃபோன் போட்டோம். அத்தை நிதானமா கேஸ் புக்கை எடுத்து, கடைசி அட்டைல எழுதி வச்சிருந்ததைப் படிச்சாங்க. கடைசி நம்பர் 1தான், நடுவுல ஒரு 3ஐ நான்தான் 8ன்னு படிச்சிருக்கேன். உள்ள போச்சு, சர்டிஃபிகேட், சாவி எல்லாம் வரிசையா வந்துச்சு. "எல்லாத்தையும் அவகிட்டதான் கேக்கணும்"னு மாமா காபிய குடிச்சார், ஆறிப்போயிருந்துச்சு.

கடைசி மாடில ஃபயர்ஃபாக்ஸ். செக்யூரிட்டி டிவைஸஸ்ல போய் அந்த எஸ்ஓ ஃபைல லோட் பண்ணா, மாட்யூல சேக்க முடியலன்னு ஒத்தை வரி. உபுண்டுல ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பா வருது, ஸ்னாப்னா அது தனி வேலி போட்ட தோட்டம், வெளிய இருக்கிற லைப்ரரிய உள்ள இருந்து எட்டிப் புடிக்க முடியாது. பிரவுசர்லயே வேணும்னா மொஸில்லாவோட ஏபிடி ரெப்போல இருந்து டெப் பேக்கேஜா போட்டுக்கலாம். நமக்கு வேண்டியது பிடிஎஃப் கையெழுத்து மட்டும்தானே, பிரவுசர் எதுக்கு, ஆக்யுலர்ங்கிற பிடிஎஃப் ரீடர் இருக்கே. 21.04ல இருந்தே அதுல டிஜிட்டல் கையெழுத்து போடலாம், நெறைய பேருக்குத் தெரியாது. ஆக்யுலரையும் ஏபிடிலயே போட்டேன், ஸ்னாப்ல போட்டா மறுபடி வேலிக்குள்ள போயிருவோம்.

ஆக்யுலர் சர்டிஃபிகேட்டை என்எஸ்எஸ் டேட்டாபேஸ்ல (சர்டிஃபிகேட் வைக்கிற பெட்டி) இருந்து எடுக்கும், வழக்கமா ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைலத் தேடும். அதனால லிப்என்எஸ்எஸ்3 டூல்ஸ் போட்டு, மாட்யுடில்ங்கிற கமாண்ட்ல ஹோம் ஃபோல்டர்ல டாட் பிகேஐக்குள்ள இருக்கிற என்எஸ்எஸ்டிபில அந்த எஸ்ஓ ஃபைல சேத்துட்டு, ஆக்யுலர் செட்டிங்ஸ்ல பிடிஎஃப் பேக்கெண்ட்ல சர்டிஃபிகேட் டேட்டாபேஸ் இடத்துல அதே ஃபோல்டரைக் காட்டினேன். ஆக்யுலர மூடித் தொறந்ததும் லிஸ்ட்ல மாமா பேர். டூல்ஸ் மெனுல டிஜிட்டலி சைன், மவுஸால கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம் இழுத்தேன், "சீலுக்கு மேல வராம கொஞ்சம் தள்ளிப் போடு"ன்னார், பின் கேட்டுச்சு, குடுத்தேன், புது ஃபைலா சேவ் ஆச்சு. கட்டத்துக்குள்ள மாமா பேரும் தேதியும்.

சர்டிஃபிகேட் குடுத்தவரை நம்பலாமான்னு தெரியலன்னு ஆக்யுலர் ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்துச்சு, மாமா அதைப் பாத்துட்டு பயந்தார். இ ஆதார் பிடிஎஃப்ல மஞ்சக் கலர்ல க்வெஸ்டின் மார்க் வருமே, அதே கதைதான். கையெழுத்து சரி, ஆனா நம்மூர்ல சர்டிஃபிகேட் குடுக்குறவங்களுக்கு மேல இருக்கிற அரசு அமைப்பு சிசிஏவோட ரூட் சர்டிஃபிகேட் அந்த சாஃப்ட்வேரோட நம்பிக்கை லிஸ்ட்ல இல்ல, அதை நாம சேத்துக்கணும். வாங்குறவங்க இதைத் தெனமும் பாக்குறவங்க, அவங்க சிஸ்டத்துல சேத்து வச்சிருப்பாங்க.

நாலே முக்காலுக்கு மெயில் போச்சு. அஞ்சேகாலுக்கு கெடச்சதுன்னு பதில் வந்துச்சு.

ராத்திரி ஒரு சின்ன சந்தேகத்துல என் பழைய யுஎஸ்பி கார்டு ரீடர் ஒண்ணை சொருகி வச்சு பேட்டரில விட்டுப் பாத்தேன், கொஞ்ச நேரத்துல ஸ்கேன்ல இருந்து காணாமப் போச்சு, புடுங்கிச் சொருகினா வருது. டிஎல்பி போட்டிருக்கேன், பேட்டரி மிச்சம் புடிக்க சும்மா இருக்கிற யுஎஸ்பிய தூங்க வைக்கிற வேலை அதோடது. டிஎல்பி டாட் கான்ஃப்ல யுஎஸ்பி டினைலிஸ்ட்ல ரீடரோட ஐடிய சேத்துருக்கேன், ரெண்டு நாளா காணாமப் போகல, ஒரு வாரம் ஓடட்டும் பாப்போம். மாமா கெளம்புறப்ப வண்டில உக்காந்துட்டு சொன்னார், அவரோட பார்ட்னர் டோக்கன் வேற கம்பெனியாம், அதுலயும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்காம், வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வர்றாராம். பின் நம்பர் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "ஒட்டிருக்கு மாப்ள"ன்னார்.